வாய்தாவில் நின்ற வயது

1993 மார்ச்சில் ஏசுபாதத்துக்கு இருபத்து மூன்று வயது. 2005 செப்டம்பரிலும் அதே இருபத்து மூன்றுதான். இடைப்பட்ட பன்னிரண்டரை வருஷமும் அவன் விசாரணைக் கைதி. வழக்கை நிறுத்தி வைத்திருந்ததால் வயதும் நின்றுவிட்டது. முடி வளரவில்லை, நகம் வளரவில்லை. சிறை நாவிதர் இரண்டாம் மாதமே அவன் பெயரைத் தன் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். பதிவேட்டில் வருஷா வருஷம் அதே வயது இருப்பதைக் கண்ட தணிக்கைக்காரர், பழையதைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள் என்று குறிப்பு எழுதினார். நேரில் போய் முகத்தைப் பார்த்தபின் குறிப்பை அடித்துவிட்டு, காப்பி குடித்துக் கிளம்பினார்.

ஆனால் கழிந்த வருஷம் எங்கேயாவது போய்ச் சேர்ந்தாக வேண்டுமே. அது செங்கல்பட்டில் வக்கீல் திருவேங்கடத்திடம் போய்ச் சேர்ந்தது. முப்பத்தோரு வயதில் சுருட்டை முடியும் சிரிப்புமாக இருந்தவர், ஆண்டுக்கு இரண்டு வயது வீதம் மூத்தார். நாற்பதாவது வயதில் கல்பாக்கம் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். "இன்னாங்க இது, உங்ககூட துணிக்கடைக்குப் போனா அப்பாவைக் கூட்டிகினு வந்தியாம்மான்றாங்க" என்று மனைவி வசுமதி அழாத குறையாகச் சொன்னாள். வேலைக் கவலை என்றார் அவர். எவன் வயது தன்மேல் ஏறுகிறது என்பது அவருக்குத் தெரியாமலில்லை.

ஏசுபாதம் மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் கருங்கல் சிலைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை பார்த்தவன். காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. ஒருநாள் காலை, கல்பாக்கம் ஊழியர் பஸ் தன் பெயரைச் சொல்லிக் கேலி செய்கிறது என்று கல்லை விட்டெறிந்தான். கண்ணாடி போயிற்று. ஒரு விஞ்ஞானியின் தயிர்சாதம் கவிழ்ந்ததைத் தவிர ஆளுக்குச் சேதமில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்று மாதம். இலவச சட்ட உதவிக்கு வந்த திருவேங்கடம் ஒப்புக்கொள்ள விடவில்லை. மனநிலை சரியில்லாதவனை விசாரிக்கக் கூடாது, சிகிச்சை கொடுத்துக் குணமாகும்வரை வழக்கை நிறுத்தி வையுங்கள் என்று, படித்த சட்டமெல்லாம் ஒரே நாளில் காலியாகும்படி நாற்பது நிமிஷம் வாதாடினார். அதுவரையில் சரிதான். மனுவின் கடைசியில், குணமான அறிக்கை தன் அலுவலகம் வழியாகவே நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வாரம்தான் புதுப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தார். நாலு கவர்மெண்ட் தபால் வந்தால் தெருவுக்கு ஒரு மரியாதை. நீதிபதி அந்த வரியையும் அனுமதித்தார். நண்பர்கள் கைகொடுத்தார்கள். எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

அறிக்கை ஏழே மாதத்தில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது அவரேதான். படாளத்தில் பங்காளிகள் இருவர் ஒரு கிணற்றுக்காக அடித்துக்கொண்ட வழக்கில் அன்றைக்கு மூழ்கியிருந்ததால், எதிரே கிடந்த காகிதத்தையெல்லாம் படிக்காமலே சேர்த்துக் கட்டி வைக்கச் சொன்னார். கட்டி வைத்தார்கள். ஏசுபாதத்தின் தாய் ஞானம்மாள் மாதம் ஒருமுறை வருவாள். "புள்ள அப்பிடியே கீறான் சாரு, உள்ள நல்லாத்தான் பாத்துக்குறாங்க போல. ஆனா எப்போ வுடுவாங்க?" ரிப்போர்ட் வரணும்மா என்பார். மருத்துவமனைக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். முதலில் மறந்தார், பிறகு, இவ்வளவு தாமதமாகக் கேட்டால் மறந்தது தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. போகப் போக, அவள் தலை தெருமுனையில் தெரிந்ததும் கொல்லை வழியாக டீ குடிக்கப் போய்விடுவார். 2000இல் அவளும் வருவதை நிறுத்தினாள். செத்துப் போனாள் என்று சொல்ல மகள் ஹெலன் வந்தபோதும் டீக்கடையில்தான் இருந்தார்.

2005இல் படாளத்துப் பங்காளிகள் ஒரு கல்யாணப் பந்தியில் சமாதானமாகி, பத்திரங்களைத் திருப்பிக் கேட்டார்கள். கட்டைப் பிரித்ததும் அறிக்கை விழுந்தது. 'தெளிவாக இருக்கிறார். விசாரணையை எதிர்கொள்ளலாம். மாத்திரை தொடர வேண்டும்.' திருவேங்கடம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. "தபால் லேட்டுன்னு போடு மச்சான், எவன் தேதி பாக்கப் போறான்?" என்றார் பக்கத்து அறை வக்கீல். வக்கீல் தொழிலுக்கான சன்னதே போய்விடும் என்று வசுமதி கையைப் பிடித்தாள். அவர் மனுவில் உண்மையான தேதியைப் போட்டார். வாங்கியது நான், தொலைத்தது நான் என்றும் போட்டார். வழக்கு ஏழு நிமிஷத்தில் முடிந்தது. தண்டனை மூன்று மாதம், அனுபவித்தாயிற்று. சன்னதை ஆறு மாதம் நிறுத்தினார்கள். அறிக்கை வராத கைதிகள் இன்னும் நாலு பேர் உள்ளே வயது நின்றபடி இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. அவர்களுடைய வக்கீல்கள் யார் யாரென்று வயதுக்கு மீறி மூத்த முகங்களைப் பார்த்தே ஊர் சொல்லிவிட்டது. ஆறு மாதம் கழிந்ததும் அந்த நாலு கேஸையும் திருவேங்கடமே கேட்டு வாங்கிக்கொண்டார்.

விடுதலையான அன்றே சிறை வாசலில் ஏசுபாதத்திடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லாயிட்டேன்னு நானே சொன்னேனே சாரு, எல்லார்கிட்டயும். நல்லாயிட்டேன்னு எல்லாரும்தான்டா சொல்வானுங்கன்னாங்க." பிறகு, "அம்மா கேட்டுச்சா?" என்றான்.

"மாசா மாசம்."

"நீ இன்னா சொன்ன?"

திருவேங்கடம் அவன் துணி மூட்டையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

விட்டுவிட்டுப் போனபோது பதினாறு வயதாயிருந்த தங்கை ஹெலனுக்கு இப்போது இருபத்தெட்டு. வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். "டேய், நான் உன்னவிடப் பெரியவடா இப்போ. மாத்திரைய முழுங்கிட்டுப் படு" என்றாள். இரண்டு நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் மூன்றாம் நாள் அக்கா என்றான். அவள் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்து மீன் குழம்பு ஊற்றினாள்.

ரேஷன் கார்டில் அண்ணன் என்றிருந்ததைத் தம்பி என்று மாற்ற, திருவேங்கடத்தையும் சேர்த்து மூவரும் திருக்கழுக்குன்றம் தாலுகா ஆபீஸில் போய் நின்றார்கள். எழுத்தர் காரணம் கேட்டார். ஹெலன் சொன்னாள். அவர் தலையாட்டி, போட்டோ இரண்டு காப்பி வேண்டும் என்றார். வரிசை நீளம். ஒரே ஒரு பெஞ்சு, அதிலும் ஓரத்தில் ஒருவருக்குத்தான் இடம். உட்காரச் சொல்லித் திருவேங்கடம் ஏசுபாதத்தின் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"நீ குந்து சாரு" என்றான் அவன், கையை விலக்கி. "எனக்கு இன்னும் வயசு கீது."

திருவேங்கடம் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.