டேங்க் ரொம்பிருச்சு

ஏற்காடு பஜாரில் பைப், மோட்டார் கடை வைத்திருந்த கந்தசாமி, அறுபது முடிந்ததும் கடையை மகன் ரஞ்சித்திடம் விட்டுவிட்டு ஒரு பழைய வேனை வாங்கினார். சேலத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து அதை வீடாக மாற்றினார். உள்ளே கட்டில், அடுப்பு, ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் குளியலறை. கட்டிலுக்கு அடியில் தண்ணீர் டேங்க். அந்த டேங்கை மட்டும் பட்டறைக்காரனைத் தொடவிடாமல் தானே பொருத்தினார். பைப் கடைக்காரன் வண்டியில் இன்னொருத்தன் வந்து பைப் மாட்டுவதா என்று கேட்டார்.

மனைவி ராஜேஸ்வரிக்கு வண்டி மேல் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை. கல்யாணமாகி மேட்டூரிலிருந்து மலையேறி வந்தவள், கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலேயே இத்தனை வருசத்தையும் கழித்துவிட்டாள். "தூரமாப் போறதுக்கு முந்தி நம்ம மலையவே ஒரு சுத்து பார்த்துரலாங்க" என்றாள். முதல் பயணம் அப்படித்தான் முடிவானது.

இந்த மலையில் வேன் வீட்டுக்கென்று தண்ணீர் பிடிக்கிற இடம் எதுவும் கிடையாது. போகிற ஊரில் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். கந்தசாமி அதற்கெல்லாம் தயாராக இருந்தார். மரை உள்ள குழாய்க்கு ஒரு கனெக்டர், மரை தேய்ந்த குழாய்க்கு ரப்பரும் கிளாம்ப்பும், குடிதண்ணீருக்கென்றே தனியாக ஒரு நீல ஓஸ், டேங்க் வாயில் கட்ட வெள்ளைத் துணி என்று எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கியிருந்தார். எப்படிக் கேட்பது என்பதை மட்டும் அவர் யோசித்திருக்கவில்லை.

வெள்ளக்கடை என்கிற ஊரில் பொதுக்குழாய் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். குழாயைச் சுற்றிப் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள்.

"ஒரு டேங்க் தண்ணி பிடிச்சுக்கறேன், கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார்.

"குடத்துக்கே நூலாட்டம் வருது. உங்களுக்கு வண்டி கழுவணுமாக்கும்?" என்றாள் ஒருத்தி.

"கழுவறதுக்கு இல்லம்மா, குடிக்கறதுக்கு."

"குடிக்கறதுக்கு இத்தாத்தண்டி டேங்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். கந்தசாமி ஓஸோடு நின்றார். அப்போது ராஜேஸ்வரி இறங்கி வந்தாள். அவள் தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை. நிறைமாதமாக நின்ற ஒரு பெண்ணின் குடத்தைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, "உங்க ஊடு எதுங்க?" என்று நடந்தாள். திரும்பி வரும்போது அந்தப் பெண்ணின் மாமியாரும் கூட வந்தாள். கொஞ்ச நேரத்தில் குழாயடியில் இருந்தவர்களே, "எங்க குடமெல்லாம் ஆகட்டும், அப்பறம் நீங்க பிடிச்சுக்கங்கக்கா" என்றார்கள். கிளம்பும்போது ஒருத்தி ஒரு கட்டு கீரை கொடுத்தாள்.

"நல்ல சனங்க" என்றாள் ராஜேஸ்வரி.

கந்தசாமி ஓஸைச் சுருட்டிக்கொண்டே "ம்" என்றார். பெட்டி நிறையச் சாமான் வைத்திருந்தவர் அவர். கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தது அவளுக்கு. சுருட்டின ஓஸை அவிழ்த்து, இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

நூலாட்டம் வந்த அந்தத் தண்ணீர் ஒரு நாளைக்குத்தான் ஆனது. மறுநாள் செம்மநத்தத்தில், குறுகின ரோட்டுக்கு மேலே ஒரு வீடு தெரிந்தது. மலைச்சுனையிலிருந்து கருப்புக் குழாய் போட்டு, சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "நீ உட்காரு, நான் கேட்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கந்தசாமி ஏறினார். படல் கதவை அவர் தொடுவதற்குள், காபிக்கொட்டை காயப்போட்ட களத்தில் நின்ற ஆள் அவரைத் தாண்டி வண்டியைப் பார்த்தான்.

"தண்ணிக்குங்களா? தாராளமாப் பிடிங்க. அந்த அம்மிணிய எதுக்கு வண்டியிலயே உட்கார வெச்சிருக்கறீங்க? இறங்கி வாங்க அம்மிணி!"

அவன் பெயர் சின்னத்தம்பி. ஐம்பது வயதிருக்கும். காபியும் மிளகும் போட்டிருந்தான். அம்மிணியாம் என்று நினைத்துக்கொண்டே கந்தசாமி தொட்டிக் குழாயில் கிளாம்ப்பை முடுக்கினார். முதலில் கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டு, கலங்கல் இல்லை என்று பார்த்த பிறகு ஓஸை டேங்கில் விட்டார். தண்ணீர் மெல்லத்தான் வந்தது.

மேலே களத்தில் ராஜேஸ்வரியின் குரல் கேட்டது. மிளகுக்கொடி, பலாமரம், மழை என்று பேச்சு போனது. பிறகு சின்னத்தம்பி ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.

"போன மாசங்க, விடியால கக்கூசுக்குப் போயிருந்தனுங்க. அதுக்குத் தாப்பாள் கிடையாது. கதவு மெல்லத் தொறக்குது. பார்த்தா, கதவு முழுக்க மூஞ்சி! காட்டெருமைங்க. ஓடவும் வழியில்ல. என்ன பண்றதுன்னு தெரியாம, 'ஆளு இருக்குது'ன்னேன்."

ராஜேஸ்வரி சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை. சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்பறம்? அது என்ன பண்ணுச்சு?" என்று மூச்சு வாங்கக் கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

கந்தசாமி ஓஸைப் பிடித்தபடி கீழே நின்றார். இந்தச் சிரிப்பை அவர் பார்த்ததில்லை. இத்தனை வருசம் ஒரே கூரைக்கு அடியில் இருந்தும் பார்த்ததில்லை. யாரோ ஒருத்தன், கக்கூசைப் பற்றிப் பேசி, பத்து நிமிசத்தில் அதை வாங்கிவிட்டான். டேங்க் அளவு காட்டுகிற பலகையில் நாலு விளக்கு உண்டு. அப்போது ஒன்றுதான் எரிந்திருந்தது.

அவர் குழாயை மூடினார்.

"டேங்க் ரொம்பிருச்சு. கிளம்பலாம் ராஜி."

"அதுக்குள்ளயேவா?" என்றான் சின்னத்தம்பி. "எங்க தண்ணி அத்தனை வெரசா வராதுங்களே. இருங்க, ஊட்டுக்காரி வந்துருவா, காபி குடிச்சுட்டுப் போலாம்."

"நேரமாச்சு" என்று கந்தசாமி கிளாம்ப்பைக் கழற்றினார்.

அன்று சாயங்காலம் மாரமங்கலம் போகிற வழியில், ஒரு எஸ்டேட் ஓரமாக வண்டியைப் போட்டார்கள். ராஜேஸ்வரி கீரையை ஆய்ந்துகொண்டே தனக்குத்தானே சிரித்தாள். "ஆளு இருக்குதுன்னாராமா!"

"எல்லாம் புளுகு" என்றார் கந்தசாமி.

"புளுகா இருந்தா என்னங்க? நல்லாச் சொன்னாரு."

அவளைச் சாமான் கழுவ விடவில்லை. காலையில் கழுவிக்கொள்ளலாம் என்றார். படுக்கப் போகும்போது அந்த ஒரு விளக்கும் அணைந்துவிட்டது. அந்தப் பலகை மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டார். தூக்கம் வரவில்லை. சின்னத்தம்பியின் மீசை கண்ணுக்குள்ளேயே நின்றது.

விடிந்ததும் ராஜேஸ்வரி தலைக்குக் குளிக்கப் போனாள். சீயக்காய் தேய்த்து முடித்திருப்பாள்.

"ஏனுங்க! தண்ணி நின்னுபோச்சு!"

"இரு, பம்புல என்னமோ" என்று கந்தசாமி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கட்டிலைத் தூக்கினார். நல்லா இருந்த பம்பின் மூடியைக் கழற்றி மாட்டினார்.

"கண்ணு எரியுதுங்க! அந்தக் குடிதண்ணிக் கேனையாவது குடுங்க."

கேனில் இருந்த தண்ணீர் முகம் கழுவத்தான் ஆனது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சிவந்த கண்களோடு வெளியே வந்தாள். பைப் கடைக்காரன் வீட்டில் வாழ்ந்தவள் அவள். நேராகப் போய்ப் பலகை மேல் இருந்த துண்டை எடுத்தாள். ஒரு விளக்கும் இல்லை.

"பம்பு ரிப்பேர் இல்ல. டேங்க்ல தண்ணி இல்ல. ரொம்பிருச்சுன்னீங்களே?"

கந்தசாமி தூக்கின கட்டிலை இறக்கி வைத்தார்.

"ஏங்க பொய் சொன்னீங்க?"

"நீ சிரிச்சுட்டு இருந்த" என்றார் அவர்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்தாள். சீயக்காய் நெற்றியில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"கடையில நீங்க சிரிக்காத ஆளு உண்டாங்க? பிளம்பர் வந்தாச் சிரிப்பு. எஸ்டேட் ரைட்டர் வந்தாச் சிரிப்பு. வாசர் வாங்க வர்றவன்கிட்டக் கூடக் கதை. கதவுக்கு அந்தப்பக்கம் அடுப்படியில நின்னு கேட்டுட்டே இருப்பேன். உள்ள வந்தா, 'சோறு போடு'. அவ்வளவுதான். எனக்கு எத்தனை நாளு வயிறு எரிஞ்சிருக்கும்? நான் எந்தக் குழாயப் போய் மூடினேன்?"

கந்தசாமி ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டியில் போட்டார்.

"வண்டியத் திருப்புங்க. அந்த ஊட்டுக்கே போங்க. நீங்களே இறங்கிக் கேளுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்."

செம்மநத்தத்துக்குத் திரும்பிப் போகிற வழியெல்லாம் ராஜேஸ்வரி பின்னால் கட்டிலிலேயே உட்கார்ந்து வந்தாள். சின்னத்தம்பி வீட்டில் இல்லை. அவன் மனைவி பொன்னாயி களத்தில் காபிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நேத்து வந்தமுங்க. டேங்க் ரொம்பல. ரொம்பிருச்சுன்னு சொல்லிட்டேன். தண்ணி கொஞ்சம் வேணும்" என்றார் கந்தசாமி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

"அவருஞ்சொன்னாரு, என்னமோ பாதியிலயே போய்ட்டாங்கன்னு. பிடிங்க, பிடிங்க. நேரம் நொம்ப ஆகும், சும்மா நின்னா கால் வலிக்கும், உட்காருங்க."

ஓஸை மாட்டிவிட்டுக் களத்து ஓரத்தில் உட்கார்ந்தார். ஏதாவது பேச வேண்டும். வேறெதுவும் தோன்றாமல், "காட்டெருமை வந்துதாமே?" என்றார்.

பொன்னாயி கிளறுவதை நிறுத்தினாள். "அந்தக் கதைய உங்ககிட்டயும் சொல்லிட்டாரா? ஏனுங்க, உள்ள இருந்தது நானுங்க! 'ஆளு இருக்குது'ன்னதும் நாந்தான். அவரு போத்திட்டுப் படுத்திருந்தாரு."

கந்தசாமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பொன்னாயியும் சிரித்தாள். பிறகு கொட்டையைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "வேத்தாளு வந்தாப் போதும், அவருக்கு வாய் மூடாது. நான் மட்டும் இருக்கறப்ப ஒரு வார்த்தை வராதுங்க. ஆடு மாட்டுகிட்டப் பேசறாப்பல, 'இந்தா, அதெடு'ன்னுதான்."

கந்தசாமியின் சிரிப்பு நின்றது. கீழே வண்டியைப் பார்த்தார். ராஜேஸ்வரி ஜன்னலைத் திறந்து இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரிந்தது. நேற்று இதே ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பொன்னாயிதான் அவளைக் கவனித்துவிட்டு, "அய்யோ, சீயக்காத் தலையோட உட்கார வெச்சிருக்கறீங்களே!" என்று பதறினாள். வெந்நீர் அடுப்பிலேயே இருந்தது. ராஜேஸ்வரியை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சீயக்காய் போக அலசிவிட்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் மெல்லப் பேசிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று கந்தசாமிக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனாலும் அவர் இறங்கிப்போய் டேங்க் பக்கத்திலேயே நின்றார். நாலாவது விளக்கு எரிந்து, டேங்க் வாயில் தண்ணீர் வழிந்த பிறகே குழாயை மூடினார்.

காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ராஜேஸ்வரி முன்சீட்டில் உட்கார்ந்து ஈரத்தலையை ஜன்னல் காற்றில் உலர்த்தினாள். நாலைந்து வளைவு போனது.

"கோபமா?" என்றார்.

"ஆமாங்க."

இன்னும் ஒரு வளைவு போனது.

"ஏதாவது பேசுங்க" என்றாள்.

கந்தசாமி யோசித்தார். கடைக் கல்லாவில் உட்கார்ந்தால் தானாக வந்த பேச்சு இப்போது ஒன்றும் வரவில்லை. கடைசியில், முக்கால் இஞ்ச் பைப்பைக் கேட்டு வந்து முக்கால் அடி பைப்பை வாங்கிப்போன ஒரு ஆளின் கதையைச் சொன்னார். நடுவில் ஒன்றை மறந்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து சொன்னார்.

அவள் முழுவதையும் கேட்டாள்.

"நல்லாவே இல்லீங்க" என்றாள். "வேற ஒண்ணு சொல்லுங்க."