சாவோ, தூரமோ

கர்னல் சட்டத்தை வாசித்து முடித்ததும் ரெஜிமெண்ட் முழுக்கத் தொப்பிகள் வானத்தில் பறந்தன. கார்ப்பரல் வைலி பர்டெட்டின் தொப்பி மட்டும் அவன் தலையை விட்டு நகரவில்லை.

சட்டம் சின்னதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்த கறுப்புச் சிப்பாயின் மனைவியும் பிள்ளைகளும் இன்று முதல் யாருக்கும் அடிமை இல்லை. கலகம் செய்த தெற்கு மாகாணங்களில் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்து இரண்டு வருஷமாயிற்று. கென்டக்கி வடக்கோடு நின்ற விசுவாசமான மாகாணம். அந்த விசுவாசத்துக்குப் பரிசாக இங்கே மட்டும் அடிமைகளை வைத்துக்கொள்ள விட்டிருந்தார்கள். என்ன நியாயமோ! பட்டாளத்தில் பெயர் கொடுத்தவனுக்கு விடுதலை, அவன் பெண்டாட்டி பண்ணையிலேயே கிடக்க வேண்டியது. அந்த அநியாயம்தான் அன்றைக்கு ஒழிந்தது.

ரெஜிமெண்டும் இந்த விடுதலையைச் சும்மா வாங்கவில்லை. சேர்ந்த புதிதில் இவர்கள் கையில் துப்பாக்கியையா கொடுத்தார்கள்? மண்வெட்டியைக் கொடுத்தார்கள். வெள்ளை ரெஜிமெண்டுகளுக்குப் பதுங்குகுழி வெட்டினார்கள், கழிப்பறைக் குழியும் வெட்டினார்கள். மண்வெட்டிப் பட்டாளம் என்று கேலி வேறு. டிசம்பர் மாதம் எதிரியின் குதிரைப்படை ரயில் பாலத்தைக் கொளுத்த வந்தபோது, பனியில் படுத்துக் கிடந்து பாலத்தைக் காப்பாற்றியவர்கள் இவர்கள்தான். வைலியின் இடது கையில் இரண்டு விரல்கள் அங்கே போயின. செத்தவர்களைப் பாலத்துக்குப் பக்கத்து மேட்டிலேயே புதைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேலியை யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

அப்படிப்பட்ட வைலி இன்றைக்கு இடி விழுந்தவன் போல நின்றான். காரணம் மஹாலா. அவள் அவனுக்கு மனைவி இல்லை.

நாலு வருஷமாகச் சனிக்கிழமை தோறும் தன் முதலாளியிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, ஆற்றைத் தாண்டி ப்ரூவிட் பண்ணைக்கு அவளைப் பார்க்கப் போனவன் அவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று கெஞ்சாத நாளில்லை. அடிமைகளின் கல்யாணம் என்ன பெரிய கல்யாணம்? தரையில் துடைப்பத்தை வைப்பார்கள், பாதிரி நாலு வார்த்தை சொல்வார், ஜோடி தாண்டிக் குதிக்கும். அந்த நாலு வார்த்தையில்தான் வில்லங்கம். 'சாவோ, தூரமோ உங்களைப் பிரிக்கும்வரை' என்பார் பாதிரி. முதலாளி நாளைக்கே ஒருத்தரை விற்றுவிட்டால் கர்த்தருக்கு முன்னால் வாக்குத் தவறியதாக ஆகக் கூடாதே, அதற்காக! மஹாலாவின் அம்மாவை அப்படித்தான் மிசிசிப்பிக்கு விற்றான் ப்ரூவிட். "அந்தத் தூரத்தை எடுத்துட்டுச் சொல்லச் சொல்லு, குதிக்கிறேன்" என்பாள் மஹாலா. எந்தப் பாதிரியும் எடுக்கவில்லை. அவளும் குதிக்கவில்லை.

மறுநாள் காலை ரெஜிமெண்டுக்கு வெர்ஜினியாவுக்கு ரயில். பக்கத்துப் பண்ணைகளில் மனைவி இருப்பவர்கள் சாயங்காலத்துக்குள் போய் அழைத்து வரலாம் என்று கர்னல் உத்தரவு போட்டார். சார்ஜெண்ட் டாலிவர் வைலியைப் பார்த்தார்.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற? கிளம்பு."

"அவ என் பொண்டாட்டி இல்லையே சார்ஜெண்ட்."

"அதை அங்க போய்ப் பேசிக்கலாம். நடடா."

டாலிவர் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டார். மத்தியான வெயிலில், மார்ச் மாதச் சேற்றை மிதித்துக்கொண்டு ப்ரூவிட் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கிழவன் ப்ரூவிட் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"யாருடா அது, வைலியா? நீலக் கோட்டு மாட்டினதும் ஆளே மாறிட்ட போல."

"கார்ப்பரல் பர்டெட்," என்றார் டாலிவர். "பேர் சொல்லிக் கூப்பிட நீங்க ஒண்ணும் அவருக்குத் தாய்மாமன் இல்ல."

ப்ரூவிட்டின் முகம் சிவந்தது. ஆனாலும் அவன் விவரமானவன். "பேப்பர் நானும்தான் படிச்சேன். பொண்டாட்டிக்குத்தானே விடுதலை? மஹாலா எப்ப இவனுக்குப் பொண்டாட்டி ஆனா? இவன் கெஞ்சினதும் அவ முகத்துல அடிச்சாப்ல மாட்டேன்னதும் ஊருக்கே தெரியும்."

"ரெண்டு பேரும் துடைப்பம் தாண்டினதை என் கண்ணால பாத்தேன்," என்று டாலிவர் கூசாமல் ஒரு போடு போட்டார்.

"நானும் பாத்தேன்," என்றான் ஒருத்தன். "அன்னிக்கு நல்ல மழை."

"நானும்தான்," என்றான் இன்னொருத்தன். "நிலா பட்டப்பகல் மாதிரி காஞ்சுது."

டாலிவர் அவர்களை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

"பொய்," என்று ஒரு குரல் கேட்டது. இறைச்சி புகைபோடும் கொட்டகையிலிருந்து மஹாலா வந்துகொண்டிருந்தாள். முழங்கைவரை உப்பு. "நான் தாண்டல."

வைலி அவளை நோக்கி ஓடினான். பாவி, ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கக் கூடாதா?

"மஹாலா, விடிஞ்சா ரயில். நான் திரும்பி வர்றதுக்குள்ள இந்தாளு உன்னை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைப்பானோ. பிடிவாதம் பிடிக்க இதுவா நேரம்?"

"இவன் முன்னாடி பொய் சொல்லிட்டுத்தான் நான் வெளிய போகணுமா? மாட்டேன்னேன். சொன்னது சொன்னதுதான். இந்த வீட்டுல எனக்குன்னு இருந்த ஒரே சொத்து அந்த 'மாட்டேன்'தான் வைலி. அதைப் பொய்யாக்கிடாத."

ப்ரூவிட் கைதட்டிச் சிரித்தான். "கேட்டீங்களா? அவ வாயாலயே சொல்லிட்டா. கிளம்புங்க."

மஹாலா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நாலு வருஷமாக் கேட்டியே வைலி. இப்பக் கேளு."

வைலி ஒரு கணம் விழித்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான். "என்னைக் கட்டிக்கிறியா?"

"கட்டிக்கிறேன். இங்கேயே, இப்பவே."

"என் அனுமதி இல்லாம, என் முற்றத்துலயா?" என்று ப்ரூவிட் எழுந்தான்.

"சட்டத்துல கல்யாணம்னுதான் போட்டிருக்கு. உங்க அனுமதின்னு ஒரு வரியும் இல்ல," என்றார் டாலிவர். "வேணும்னா மறுபடி படிச்சுப் பாருங்க."

ஒருத்தன் துடைப்பம் எடுக்கச் சமையலறைப் பக்கம் ஓடினான். "அது வேண்டாம்," என்றாள் மஹாலா. "அதைத் தொட்டது போதும்." துப்பாக்கியைத் தரையில் போடலாமென்றால் சேறு. துப்பாக்கி துருப்பிடித்தால் தண்டனை. கடைசியில் இரண்டு சிப்பாய்கள் ஒரு துப்பாக்கியைக் குறுக்காக, தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்துக்கொண்டு குந்தினார்கள். டாலிவர் தொண்டையைச் செருமினார். எத்தனையோ பண்ணைகளில் ஜெபம் சொல்லி, ஜோடி சேர்த்து வைத்தவர் அவர். வார்த்தைகள் தாமாகவே வந்தன.

"சந்தோஷத்திலும் துக்கத்திலும், சாவோ தூரமோ உங்களைப் பிரிக்கும்வரை…"

மஹாலா தூக்கிய காலைக் கீழே வைத்தாள்.

டாலிவரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அட கடவுளே, பழக்கதோஷம்! ப்ரூவிட் விழுந்து விழுந்து சிரித்தான். "உங்க ஆளே சொல்லிட்டான் பாத்தியா? விடிஞ்சா இவன் வெர்ஜினியா போறான். அது தூரம் இல்லாம என்னவாம்?"

மஹாலா இப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பண்ணையில் யாரும் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"எங்கம்மாவை வண்டியில கட்டி அனுப்பினியே, அது தூரம். இவன் தன் காலால போறான், தன் காலால வருவான். வரலைன்னா என் காலால நான் தேடிப் போவேன். அது வெறும் வழி. நடந்தா தீந்துடும்." டாலிவரிடம் திரும்பினாள். "முதல்லேருந்து சொல்லுங்கண்ணே."

பாலத்தில் குண்டு மழையில்கூட வேர்க்காத மனிதருக்கு இப்போது வேர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு வார்த்தையாக, வழுக்குப் பாறையில் கால் வைப்பவர் போலச் சொன்னார். "சாவு உங்களைப் பிரிக்கும்வரை." அதோடு நிறுத்தி, வாயை இறுக மூடிக்கொண்டார்.

இருவரும் தாண்டினார்கள். சேறு பாவாடைவரை தெறித்தது. வைலி வெட்கமில்லாமல் அழுதான். அழட்டுமே, நாலு வருஷ அழுகை!

"தொலைஞ்சு போ," என்றான் ப்ரூவிட். "ஒருத்திதானே போற. எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

வாசல்வரை போன மஹாலா நின்றாள். திரும்பி வந்து, சிப்பாய்களின் வரிசையைப் பார்த்தாள்.

"உங்கள்ல கல்யாணம் ஆகாதவங்க யாரு?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ப்ரூவிட்டுக்கும் புரிந்துவிட்டது. "ஏய்!" என்று படியிறங்கி வந்தவனை இரண்டு பேர் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார்கள்.

"ஈஸ்டர் அக்கா!" என்று மஹாலா சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. சட்டத்துல பிள்ளைங்களும் உண்டு."

ஈஸ்டர் மாவுக் கையோடு வெளியே வந்தாள். பின்னால் இரண்டு பிள்ளைகள். எல்லாவற்றையும் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வரிசையின் ஒரு முனையிலிருந்து நிதானமாக நடந்தாள். லெக்சிங்டன் அடிமைச் சந்தையில் ப்ரூவிட் அவளை வாங்கிய அன்று, அவனும் இப்படித்தான் நிதானமாக நடந்து வந்து, கட்டைவிரலால் அவள் வாயைப் பிளந்து பார்த்தான். ஐஷம் என்ற நெட்டைச் சிப்பாயின் முன்னால் அவள் நின்றாள்.

"வாயைத் திற."

ஐஷம் திறந்தான்.

"இன்னும் நல்லா. பல்லு தெரியணும்."

அவள் எட்டிப் பார்த்தாள், மேலே, கீழே, கடைவாய்வரை. அவசரமே படவில்லை. பிறகு ப்ரூவிட்டின் பக்கம் தலையைத் திருப்பி, அவனுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"பரவாயில்ல. இவனை எடுத்துக்கறேன்."