டாங்க் மூடியில் சிரிக்கும் நிலா

1

இந்தக் கதை என்னுடையதில்லை. மாலை வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் டிரைவர் அக்கா, இடைவேளையில் தேநீர் ஆறுவதற்குள் சொன்னது. நாங்கள் இருவரும் டீசல் எஞ்சின் படிக்கிறோம். நான் வேலை கிடைக்கும் என்று படிக்கிறேன். அக்கா வீட்டுக்காரரோடு வாதாடுவதற்காகப் படிக்கிறார். வீட்டுக்காரர் மெக்கானிக்.

கேட்டதை நாட்குறிப்பில் நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி வந்தது:

ஏற்றத்தில் லாரி திணறியது, அவள் வாழ்க்கையும் அதுபோலவே —

[வேண்டாம். லாரி திணறினால் லாரி மட்டும் திணறட்டும்.]

அடுத்தது:

எரிபொருள் அழுத்தம் குறைவதற்கான காரணங்களாவன —

[இது பரீட்சைக்கு.]

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார், இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது என்பார் எங்கள் வாத்தியார். கதைக்கும் அப்படியே செய்து பார்க்கிறேன். இப்போதைக்குத் தொடக்கத்தை மட்டும் மாற்றுகிறேன்.

2

அக்கா ஓட்டும் லாரிக்கு ஒரு வியாதி இருந்தது. செங்கல் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏறும்போது பாதி வழியில் சக்தி வடிந்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம். பின்னால் வரும் வண்டிகள் ஹாரனிலேயே அக்காவின் பரம்பரையை விசாரிக்கும். எப்படியோ உருட்டிப் பட்டறைக்குக் கொண்டுவந்தால், மெக்கானிக் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுவார். லாரி கன்றுக்குட்டி மாதிரி துள்ளும்.

டீசல் ஃபில்டரை மாற்றினார். குழாய்களில் எங்காவது காற்று நுழைகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். பம்பைக் கழற்றி மாட்டினார். பட்டறையில் எல்லாம் சரியாக இருக்கும். மலையில் மறுபடி படுத்துக்கொள்ளும்.

கடைசியில், சோதித்துப் பார்க்காமல் மிச்சமிருந்த ஒரே பாகம் அக்காதான். செங்கல் சூளைக்காரர் அதை வாய்விட்டே சொன்னார்: பொம்பளை கியர் மாத்தினா இப்படித்தான். மெக்கானிக் அப்படிச் சொல்லவில்லை. கொஞ்ச நாளைக்கு வேற டிரைவரைப் போட்டுப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

[ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. முறைப்படி சரிதான். எனக்கே எரிச்சலாக வருகிறது.]

அக்கா லாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சமைக்கும்போதும் சாவி இடுப்பில்தான். தூங்கும்போது கைக்குள்.

3

வேறு டிரைவர் வருவதற்கு முன் ஒரு கடைசிச் சோதனை என்று பேச்சானது. மெக்கானிக் டீசல் குழாயில் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ் மாட்டி, நீளக் குழாய் போட்டு அதைக் கேபினுக்குள் கொண்டுவந்தார். முழு பாரத்தோடு கிளம்பினார்கள். அக்கா ஓட்டினார், அவர் கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் வளைவில் முள் விறைப்பாக நின்றது. அடுத்ததில் தலை சாய்ந்தது. அதற்கடுத்த வளைவில் படுத்தேவிட்டது. அக்காவின் கியர் சரியாகத்தான் விழுந்தது. அதையும் அவர் பார்த்தார். ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வண்டி நின்றதும் மெக்கானிக் இறங்கி எப்போதும் செய்வதைச் செய்தார். டாங்க் மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். புஸ் என்றது.* மூடினார். வண்டியைக் கிளப்பினால் முள் நிமிர்ந்து நிற்கிறது. தானா சரியாயிடுச்சு பாத்தியா என்றார். அக்கா முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

அடுத்த ஏற்றத்தில் முள் மறுபடி படுத்தது. மெக்கானிக் கதவைத் திறக்கக் கை நீட்டினார்.

"இந்தத் தடவை மூடியைத் தொடாதீங்க."

"டீசல் இருக்கான்னு பாக்க வேணாமா?"

"இப்பதானே பாத்தீங்க. அதுக்குள்ள யாரு குடிச்சா? கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

கட்டிக்கொண்டால் நிற்காது என்று அவருக்கே தெரியும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். அக்கா இறங்கி, ஒரு மிட்டாய்க் காகிதத்தை மூடியின் விளிம்பில் பிடித்துக்கொண்டு மெல்லத் திருகினார். புஸ். காகிதம் வெளியே பறக்கவில்லை. உள்பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டது.

"மூச்சு விடலைங்க. இழுக்குது."

டாங்கிலிருந்து டீசல் போகப்போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கு மூடியில் கடுகளவு துளை உண்டு. துளை அடைத்துவிட்டால் காற்று வராது, பம்ப் இழுத்து இழுத்து ஓய்ந்துபோகும். மூடியைத் திறந்தால் ஒரே மூச்சில் எல்லாம் சரியாகிவிடும். ஆக, மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் முதல் காரியமாக நோயைக் குணப்படுத்திவிட்டு, பிறகு நாளெல்லாம் நோயைத் தேடியிருக்கிறார்.

அவர் இறங்கி வந்து காகிதத்தைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. வேற டிரைவர்னு சொன்னது நானில்ல, வேற யாரோ என்றாராம்.

* அந்தச் சத்தம் அவர் காதில் விழாமல் இல்லை. வெயிலுக்கு டாங்க் பெருமூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொள்வாராம்.

4

துளையை அடைத்தது யார்? பெயின்ட் அடிச்சவங்க யாரோ என்று அக்கா தாண்டிப் போய்விட்டார். எனக்கு அந்த 'யாரோ' போதவில்லை. அக்காவுக்கு ஒரு தம்பியை உண்டாக்கி, அவனைப் பெயின்டராக்கினேன். லாரி முழுக்க வண்ணம் அடித்தும் மனசு ஆறாமல், டாங்க் மூடியில் ஒரு முழுநிலா வரைகிறான். வாயைத் திறக்காமல் சிரிக்கும் நிலா. துளை இருந்த இடத்தில் உதடு. பூச்சுக்கு மேல் பூச்சு.

பிறகு சந்தேகம் வந்தது. இப்படி ஒருவன் இருப்பானா? அவனை மட்டும் கழற்றிவிட்டு எழுதிப் பார்த்தேன். கதை ஓடத்தான் செய்தது, பாரமில்லாத லாரி மாதிரி தடதடவென்று. திரும்ப மாட்டினேன்.

அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். நிலா வந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

"என் தம்பியைப் பத்தி உனக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

"நிலா இல்ல, சூரியன். மத்தபடி அவனேதான்."

[சூரியனாக மாற்றவில்லை. இதில் நிலா ஒன்றுதான் நான் போட்டது.]

5

அப்புறம் அக்கா மிச்சத்தையும் சொன்னார். தம்பிக்கு விஷயம் தெரியாது. அவன் வரைந்த கிளியைப் பார்த்து யாரோ காக்காவா என்று கேட்டுவிட, மழைக்காலம் முழுக்கத் தூரிகையைத் தொடாதவன். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டு, ஊக்கால் உதட்டின் நடுவில் ஒரு குத்து. லாரி ஜம்மென்று ஏறியது.

தம்பி ஒழுங்கானவன். அடிக்கடி வந்து பார்ப்பான். கல் தெறிச்சிருக்கு போல மாமா என்று துளையை அடைத்து, உதட்டை இன்னும் சிவப்பாக்கிவிட்டுப் போவான். மச்சினனின் முகத்தைப் பார்க்காமல் மெக்கானிக் வானத்தைப் பார்ப்பார். அவன் தெருமுனை திரும்பியதும் அக்கா ஊக்கை எடுப்பார். அக்காவின் பைவாரில் எப்போதும் ஒரு ஊக்கு இருக்கும். வார் அறுந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

6

போன வாரம் தம்பி வண்ணம் அடித்த கையோடு கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டான். என் வண்டி மலை ஏறுறதை நான் பாத்ததே இல்லக்கா என்றான். ஊக்குக்கு வேளை வரவில்லை. மெக்கானிக் கையசைத்துவிட்டு அவசரமாகப் பட்டறைக்குள் போய்விட்டார்.

மூன்றாவது வளைவு. முழு பாரம். லாரி இளைத்தது. பின்னால் ஹாரன்கள். தம்பி கியரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"என்னக்கா, கியர் மாத்த வரலையா?"

இந்த இடத்தில் அக்கா சொல்வதை நிறுத்திவிட்டார். அப்புறம் என்னக்கா என்றேன். அதை நீதான் எழுதணும் என்று என் தேநீரையும் எடுத்துக் குடித்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறார் என்று எழுதினேன். தம்பியின் முகம் —

[அவன் முகம் சுருங்குவதை என்னால் எழுத முடியவில்லை.]

ஆமாடா, வரல என்று பழியை ஏற்றுக்கொள்கிறார் என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் தாளை நானே கிழித்தேன்.

7

இன்று வகுப்புக்கு அக்கா லாரியிலேயே வந்தார். ஓட்டியது அவர்தான். அவர் இறங்கியதும் நான் டாங்க் பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். சூரியன் — மன்னிக்கவும், நிலா — இப்போது சிரிக்கவில்லை. துளை அப்படியே இருந்தது. அதைச் சுற்றி, மெல்லிய தூரிகையால், குவிந்த உதடுகள். நிலா விசிலடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது வளைவுக்கும் இந்த விசிலுக்கும் நடுவில் அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். எவ்வளவு தேடியும் எனக்கு அது கிடைக்கவில்லை. நீங்கள் எழுதுங்கள். மற்ற எதையும் மாற்ற வேண்டாம். ஸ்டியரிங் அக்கா கையிலேயே இருக்கட்டும்.

"என்னக்கா, கியர் மாத்த வரலையா?"

"                                                        "