விடியலில் ஃப்ரோகோஸ்ட்

என் தம்பி கோர்ம் மூன்று புத்தகங்கள் எழுதியிருக்கிறான். டென்மார்க்காரன் என்றால் யார் என்று ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் நம்மை எப்படி மொட்டையடிக்கிறது என்று இன்னொன்று. அப்பாவின் மாடுகளுக்கு அதே ஒன்றியம் கொடுத்த மானியத்தைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரி கிடையாது. கடவுள் இல்லை என்பது மூன்றாவது. நாடாளுமன்ற உறுப்பினர், பேச்சுக்குப் பஞ்சமில்லாதவன், எழுதிவிட்டுப் போகட்டும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவள். அதற்கு அவன் கிண்டல் செய்வான், நானும் திருப்பிக் கொடுப்பேன். அதெல்லாம் எங்களுக்குள் சகஜம்.

வினை மூன்றாவது புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் வந்தது. ஆஸ்பத்திரியில் அப்பா இறந்தபோது கூட இருந்தவன் கோர்ம்தான். நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மேலே யாரும் இல்லை, மகனே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார் என்று புத்தகத்தில் இருந்தது. ஆயுசு முழுக்க எங்கள் தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, சுருதி சேராமல் பாடிய மனிதர் அவர்.

அதோடு விட்டானா? கல்லறைக் கல்லில் சிலுவை கூடாது என்று போனில் கண்டிப்பாகச் சொன்னான்.

"அப்பாவே அப்படிச் சொன்னதுக்கப்புறம் அவர் தலைமாட்டுல சிலுவையா? ஊர் சிரிக்கும் அக்கா."

கல் செதுக்குபவர் எங்கள் பதிலுக்காகக் காத்திருந்தார். அப்பாவின் கடைசி வார்த்தை அதுதான் என்றால் சிலுவை வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் மனசு ஒப்பவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? சாட்சி அவன் ஒருவன்தான்.

மீனில் முள் தேடுவதுபோல அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தேன். எங்கள் சின்ன வயதைப் பற்றிய பக்கத்தில் ஒரு வரி: "இருட்டு விலகுமுன் அப்பா எழுந்து, அவசரமாக ஃப்ரோகோஸ்ட் சாப்பிட்டுவிட்டுப் பால் கறக்கப் போவார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்கு ஃப்ரோகோஸ்ட் என்றால் மத்தியானச் சாப்பாடு. விடியலில் அதைச் சாப்பிடும் டென்மார்க்காரன் இன்னும் பிறக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், நார்வேயில்தான் அதே சொல்லுக்குக் காலைச் சாப்பாடு என்று பொருள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் தம்பி இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

போன் போட்டேன். "சனிக்கிழமை ஃப்ரோகோஸ்டுக்கு வீட்டுக்கு வாடா. கல் விஷயம் பேசணும்."

மத்தியானம் வந்தான், கையில் ஒரு பாட்டில் ஸ்னாப்ஸ் சாராயத்தோடு. ரை ரொட்டி, ஊறவைத்த ஹெர்ரிங் மீன், பீட்ரூட் எல்லாம் மேஜையில் வைத்திருந்தேன்.

"கரெக்டான நேரத்துக்கு வந்துட்டியே."

"இது என்ன பேச்சு அக்கா? ஃப்ரோகோஸ்டுக்குக் கூப்பிட்டா மத்தியானம்தானே வரணும். விடிகாலைலயா வந்து நிப்பாங்க?"

"உன் புத்தகத்தை எழுதினவன் வந்து நின்னிருப்பான்."

பாட்டிலைத் திறந்துகொண்டிருந்த கை நின்றது. அந்தப் பக்கத்தை அவன் முன்னால் வைத்தேன். படித்தான். கழுத்து சிவந்தது.

"அச்சுப் பிழை" என்றான்.

"என் காதுல பூ சுத்தாத. யாருடா அந்த நார்வேக்காரன்?"

பாட்டிலை ஓரமாக வைத்தான். "பெர்கன்ல இருக்கான். நல்லா எழுதுவான். எனக்கு ஏது நேரம்? நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்."

"மூணுமா?"

"மூணும்தான்."

"டென்மார்க்காரன்னா யாருன்னு ஒரு நார்வேக்காரனை வெச்சு எழுதியிருக்க! பேஷ்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான், விஷயம் இதோடு முடிந்தது என்ற நினைப்பில். அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்போ, அப்பா கடைசியா சொன்னது? அதை நீ சொன்னியா, அவனே எழுதினானா?"

"முடிவு உருக்கமா இருக்கணும்னு அவன் கேட்டான் அக்கா."

"அப்பா சொன்னாரா, இல்லையா?"

தட்டில் இருந்த மீனை நறுக்கினான். சாப்பிடாமல் மேலும் மேலும் நறுக்கிக்கொண்டே இருந்தான்.

"நான் ரூம்லயே இல்ல. வெளில வராந்தால போன்ல இருந்தேன். ரேடியோ பேட்டி. ஐரோப்பிய ஒன்றியம் பத்திக் கேட்டுட்டிருந்தாங்க, பாதில வைக்க முடியல."

அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் கூப்பிட்டேன். பிடித்தும் ஆயிற்று. கதவுக்கு வெளியே இவன் தேசத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளே அப்பா பிள்ளைகள் யாரும் இல்லாமல் செத்திருக்கிறார்.

"பக்கத்துல யார்தான் இருந்தா?"

"நர்ஸ்."

"அவங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாரா?"

அவன் தலை நிமிரவில்லை. "'கோர்ம் வந்துட்டானா'ன்னு கேட்டாராம்."

அவன் எதிரிலேயே கல் செதுக்குபவருக்குப் போன் போட்டு, சிலுவை வேண்டும் என்றேன். கோர்ம் மறுக்கவில்லை. நான் போனை வைத்ததும் மெதுவாகச் சொன்னான்.

"அடுத்த பதிப்புல அந்த வரியை எடுத்துடச் சொல்றேன் அக்கா."

"எடுத்தா மட்டும் போதாது. அந்த இடத்துல அப்பா நிஜமா கேட்டதைப் போடு" என்றேன். "அதையாவது நீயே எழுது."