டாலிக்கு ஒரு எண்

மூன்று வாரமாக அந்த வாகனப் பதிவு அலுவலகத்தில் அவள் குரல் போய்ச் சேராத ஜன்னல் கிடையாது. மூன்றாம் ஜன்னலில் இருந்த பெண், அவள் வாசலில் நுழைவதைக் கண்டாலே பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வாள். காவலாளி அவளுக்கு 'சைரன் அக்கா' என்று பேர் வைத்திருந்தான். அது அவள் காதிலும் விழுந்திருந்தது. விழட்டும். சைரன் இல்லாமல் இங்கே எந்த வண்டிக்கு வழி விடுகிறார்கள்?

சண்டையெல்லாம் ஒரு டாலிக்காக. அவள் கண்ணாடிக்காரி. ஊர் ஊராகப் போய்க் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பவள். அதற்கென்று ஒரு மோட்டார் ஹோம் வைத்திருந்தாள். முன்பாதியில் எழுத்துப் பலகையும் லென்ஸ் பெட்டிகளும் வெட்டும் இயந்திரமும். ஒரு திரையைத் தள்ளினால் பின்பாதியில் அடுப்பும் கட்டிலும். வீடும் கடையும் அதுவே. ஆனால் அத்தனை பெரிய வண்டி சந்துகளுக்குள் நுழையாது. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களைத் தேடிப் போக ஒரு சின்னக் கார் வேண்டும். அந்தக் காரின் முன்சக்கரம் இரண்டையும் தூக்கி வைத்து மோட்டார் ஹோமுக்குப் பின்னால் கட்டி இழுக்க ஒரு இரண்டு சக்கரச் சட்டம். அதுதான் டாலி. அவள் கணவர் தன் கையால் செய்தது.

சுகாதாரத் துறைக்காரர்கள் ஆறு ஊர்க் கண் முகாமை அவளிடம் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் ஊரில் இருக்க வேண்டும். முந்நூற்று எழுபது கிலோமீட்டர். போன மாதம் நெடுஞ்சாலையில் நிறுத்திய போலீஸ்காரன் ஒருவன் டாலியைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுக்கு நம்பர் பிளேட் எங்கம்மா?" என்று கேட்ட அன்று தொடங்கிய அலைச்சல் இது. பளு இழுப்பதற்கான தனி உரிமத்தை அவள் முறையாகப் பரீட்சை எழுதி, இரவல் டிரெய்லரை வளைவில் பின்னோக்கி ஓட்டிக் காட்டி வாங்கியிருந்தாள். ஆளுக்கு உரிமம் இருந்தது. மோட்டார் ஹோமுக்கும் காருக்கும் பதிவு இருந்தது. நடுவில் இருந்த டாலிக்குத்தான் ஒன்றும் இல்லை.

மூன்றாம் ஜன்னல் சொன்னது, அது வண்டியே அல்ல, வெறும் சாதனம், பதிவு தேவையில்லை என்று. ஏழாம் ஜன்னல் சொன்னது, சக்கரம் வைத்துச் சாலையில் ஓடுகிற எதுவும் டிரெய்லர்தான் என்று. டிரெய்லர் படிவத்தை வாங்கினால் அதில் பாடியின் நீளம், அகலம், உயரம் கேட்டிருந்தது. டாலிக்கு ஏது பாடி?

"பாடி இல்லைன்னா வண்டி இல்லைங்க," என்றாள் மூன்றாம் ஜன்னல்காரி.

"அப்ப ரோட்டுல என்னை நிறுத்தினவன் பேயையா பிடிச்சான்? பேய்க்கு ரசீது போட்டுக் குடுத்திருக்கான், பாருங்க!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கடைசியில் விதிப்புத்தகத்தை அவளே வாங்கிப் புரட்டி, மூலையில் கிடந்த ஒரு பிரிவைக் கண்டுபிடித்தாள். சொந்தமாகச் செய்த டிரெய்லர். அதற்கு முன்பு எந்தப் பதிவும் இருந்ததில்லை, அதன் எந்தப் பாகத்திலும் சேஸிஸ் நம்பர் பொறிக்கப்பட்டிருந்ததில்லை என்று உரிமையாளர் உறுதிமொழி கொடுத்தால், ஆய்வு செய்து அலுவலகமே புதிய எண் அடித்துக் கொடுக்கும். அவள் கொடுத்தாள். முதல் தடவை பழைய படிவம் என்று திருப்பினார்கள். இரண்டாம் தடவை சாட்சிக் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கிறது என்றார்கள். மூன்றாவது செல்லுபடியானது. மூன்று முறையும் அவள் வலது கையை உயர்த்தி, அந்த வாசகத்தை உரக்கப் படித்து, கையெழுத்துப் போட்டாள்.

மூன்று முறையும் அவள் கணவர் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அவர் பேசமாட்டார். சொந்தக்காரர்கள் மௌனச்சாமி என்பார்கள். முப்பது வருடம் எஃகுக் கைப்பிடிகளுக்குப் பாலிஷ் போட்டவர். கிரைண்டர் சத்தத்திலேயே வாழ்ந்ததால் வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று என்று அவள் முன்பெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்வாள். கல்யாணமான புதிதில் அந்த மௌனம் ஆழமாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ முறை அதற்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் இருக்கிறதா, வெறும் பள்ளமா என்பது இன்னும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வு. அலுவலகத்தின் பின்புறம் எண்ணெய்க் கறை படிந்த சிமென்ட் முற்றம். ஆய்வாளர் ஒல்லியான மனிதர். காதில் பென்சில், கையில் டார்ச். டாலியை எடை போட்டார். பிரேக்கை இழுத்துப் பார்த்தார். விளக்குகள், பாதுகாப்புச் சங்கிலி, டயரின் தேய்மானம் எல்லாவற்றையும் பார்த்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பிறகு குனிந்து சட்டத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"யாரு வேலைம்மா இது?"

"எங்க வீட்டுக்காரர்."

"கண்ணாடி மாதிரி இருக்கே. இதுல முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம் போல. ஐயா, நம்ம ஆபீஸ் கேட்டையும் ஒரு நாள் பார்த்து விடுங்களேன்."

அவர் லேசாகத் தலையை ஆட்டினார். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. மூன்று வார எரிச்சலும் ஒரு நொடி அடங்கியது. ஆய்வாளர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, எண் அடிக்கும் அச்சுகளை வரிசையாகத் துணியில் எடுத்து வைத்தார். சுத்தியலையும் வைத்தார். பிறகு கோப்பைப் புரட்டி, ஒரு தாளை வெளியே இழுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. செஞ்சவர் கையெழுத்து. அந்தம்மா படிச்ச அதே வாசகம்தான். நீங்களும் ஒரு தடவை படிச்சுப் போட்டுட்டீங்கன்னா நான் அடிச்சிடுவேன்."

கணவர் பேனாவை வாங்கினார். தாளை டாலியின் மேல் வைத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். படித்தார். இன்னொரு முறை படித்தார்.

பேனா தாளுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது.

பக்கத்துச் சுவரில் மின்விசிறி வெளியேற்றும் வெப்பக் காற்று வந்து தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆய்வாளர் ஒரு அச்சை எடுத்துத் துடைத்து வைத்தார். அடுத்ததை எடுத்தார். அவள் காத்திருந்தாள். இந்த மனிதருக்கு எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும், சட்டை பட்டன் போடவே நேரம் வேண்டும். ஆனால் பேனா நகரவில்லை. பேனாவைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"போடுங்களேன்," என்றாள்.

அவர் போடவில்லை.

"ஏங்க. என்ன?"

அவர் நிமிரவில்லை. தாளைப் பார்த்தே சொன்னார். "இருந்துச்சு."

"என்ன இருந்துச்சு?"

"நம்பர். முன் கம்பியில, இடது பக்கம். சட்டத்தைப் பழைய இரும்புக் கடையிலதானே வாங்கினேன். பொறிச்சிருந்தாங்க. பக்கத்துல எல்லாம் துரு. வழவழப்பா வரலை. நான்தான்..." கையால் காற்றில் தேய்த்துக் காட்டினார். "நாலு மில்லி தேய்ச்சு இறக்கிட்டேன்."

ஆய்வாளர் கையிலிருந்த அச்சைத் துணியில் வைத்தார்.

அவளுக்கு முதலில் உறைத்தது எண் அல்ல, இறங்காமல் நின்ற பேனாதான். பேசியபோது, அந்த அலுவலகம் மூன்று வாரமாகக் கேட்ட குரலாக அது இல்லை. தாழ்ந்திருந்தது.

"நான் கையைத் தூக்கிப் படிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பெஞ்சுல."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"மூணு தடவையும்?"

அவர் தலையசைத்தார்.

"என் கையெழுத்து மூணு தடவை பொய்யில விழலாம். உங்க கையெழுத்துன்னா பேனா இறங்க மாட்டேங்குது. அப்படித்தானே?"

"அப்படி இல்லை..."

"பின்ன எப்படி? சொல்லுங்க. இருபத்திரண்டு வருஷமா நானேதான் கேள்வியும் கேட்டு நானேதான் பதிலும் சொல்லிட்டிருக்கேன். இதுக்கு நீங்க சொல்லுங்க."

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "முத நாள் சொல்லலாம்னுதான் எழுந்தேன். நீ அந்தப் பொண்ணோட கத்திட்டிருந்தே. இந்த டாலியில ஒரு கீறல்கூட கிடையாது, என் வீட்டுக்காரர் பொய் பித்தலாட்டம் தெரியாத மனுஷன்னு. நடுவுல எப்படிச் சொல்றது? அப்புறம்... நீ கத்திட்டே இருந்தே."

தனக்காகவா கத்தினாள்? அவர் வாயையும் சேர்த்துத் தன் தொண்டையில் சுமந்து, அவர் வேலையின் மானத்துக்காகக் கத்தினாள். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் போய் அவர் வசதியாக உட்கார்ந்துகொண்டிருக்கிறார். கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஆனால் கத்த வாய் எழவில்லை. கத்தினால் அது மறுபடியும் அவருக்கு நிழலாகிவிடும் என்று தோன்றியது.

ஆய்வாளர் செருமினார். அவர் கெட்டவர் இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

"அம்மா, நான் காதுல வாங்கிட்டேன். வாங்காத மாதிரி இருக்க முடியாது. நம்பரை அழிச்சது தனிக் குற்றம். திருட்டு வண்டியான்னு போலீஸ்ல விசாரிச்சு வரணும். அதுவரைக்கும் டாலி இங்கதான் நிக்கும். நம்பர் தெரிஞ்சிருந்தா ரெண்டு நாள்ல தேடிடலாம். அதுதான் போயிடுச்சே. ஒண்ணரை மாசமாவது ஆகும்." கோப்பை மூடாமல் அவளைப் பார்த்தார். "நீங்க குடுத்த உறுதிமொழிக்கு மட்டும் இப்பவே ஒரு பதில் எழுதணும். தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா? தெரிஞ்சுன்னா உங்க இழுவை உரிமத்தையும் நிறுத்தி வைப்பாங்க. தெரியாமன்னா, மொத்தமும் ஐயா பேர்ல போகும்."

கணவர் அவளைப் பார்த்தார். இத்தனை நேரத்தில் அப்போதுதான் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். 'நீ பேசிக்கொள்' என்ற பார்வை. வாடகை வீட்டுக்காரரிடம், மருத்துவமனையில், அவர் அக்கா வீட்டுப் பஞ்சாயத்தில், எல்லா இடத்திலும் அவளை முன்னால் தள்ளிய பார்வை.

"தெரியாம," என்றாள். தாளை இழுத்து, டாலியின் மேல் வைத்தே எழுதினாள். தன் கணவர் எண்ணை அழித்தது தனக்கு இன்றுதான் தெரியும், அவர் தன்னிடம் மறைத்தார் என்று எழுதினாள். 'மறைத்தார்' என்ற சொல்லின் மேல் பேனா தயங்கவில்லை. கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள்.

டாலியை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்திச் சங்கிலி போட்டார்கள். ஆய்வாளர் பறிமுதல் ரசீதில் தன் மேசைத் தொலைபேசி எண்ணையும் குறித்துக் கொடுத்தார். முகாமுக்குக் காரும் வேண்டும், மோட்டார் ஹோமும் வேண்டும். இழுக்க வழியில்லை, இரட்டைச் செலவானாலும் தனித்தனியாகத்தான் ஓட்ட வேண்டும். அவள் கார்ச் சாவியை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள்.

"தனியா ஓட்டிட்டு வாங்க."

"உன் பின்னாடியே வரவா?"

"எப்படியாவது வாங்க."

ஊர் எல்லை தாண்டியதும், மூடிய கண்ணாடிக்குள் அவள் பேச ஆரம்பித்தாள். முற்றத்தில் வராததெல்லாம் வந்தது. ஸ்டியரிங்கை அடித்து அடித்துப் பேசினாள். இருபது கிலோமீட்டரோ முப்பதோ போயிருக்கும், தொண்டை கட்டியது, நிறுத்தினாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஆச்சரியமாக, அவர் உட்கார்ந்திருக்கும்போது இருந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த எண்ணம் அவளைப் பயமுறுத்தியது. அதன் பிறகு அவளும் பேசவில்லை. சாலை நீண்டுகொண்டே போனது.

டீசல் போட நிறுத்தியபோது கார் பின்னால் வந்து நின்றது. அவர் இறங்கி வந்து, அவள் கதவுக்குக் கீழே நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன?" என்றாள்.

"ஏழு எட்டு, எம், ரெண்டு, பூஜ்யம் பூஜ்யம் நாலு, கே, ஒண்ணு ஒன்பது."

"அந்த நம்பரா?"

"ம். இறக்கறதுக்கு முன்னாடி படிச்சேன். மனசுல நின்னுடுச்சு."

"நம்பர் தெரிஞ்சா ரெண்டு நாள்ல முடியும்னு அந்த மனுஷன் உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னாரு."

"ஆமா."

"அப்பவும் வாயைத் திறக்கலை."

"யாரும் கேக்கலை," என்றார்.

அவள் கதவைத் திறந்த வேகத்தில் அவர் பின்வாங்க வேண்டியிருந்தது. கீழே இறங்கினாள். கைப்பையிலிருந்து ரசீதை எடுத்தாள், தன் கைப்பேசியில் ஆய்வாளரின் எண்ணை அழுத்தினாள். மணி நாலே முக்கால். ஐந்துக்கு ஜன்னல் மூடிவிடும். அங்கே மணி அடிக்கத் தொடங்கியதும் கைப்பேசியை அவர் கையில் திணித்தாள்.

"நீயே சொல்லிடேன்," என்றார். "நான் நம்பரைச் சொல்றேன், நீ..."

"செய்யமாட்டேன்."

"எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னு..."

"எனக்குத் தெரியாது."

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். "ஹலோ, யாரு?" என்ற ஆய்வாளரின் குரல் சின்னதாகக் கேட்டது. "ஹலோ?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உதவவும் இல்லை. டீசல் பம்பில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஹலோ, பேசுங்க. இல்லைன்னா வெச்சிடுவேன்."

"சார்," என்றார் அவர். குரல் உடைந்து, கரகரத்து வந்தது. "நான்... டாலி செஞ்சவன் பேசறேன்."