அண்ணன் போட்ட துளை

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எங்களில் பாதிப் பேர் கடலைக் காலண்டர் படத்தில் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்ட ஊரின் கல்குவாரிக்குள் ஒரு கடலாமை கல்லாகிக் கிடந்தது என்றால் யாரும் வாயைப் பிளக்கத்தான் செய்வார்கள். பல்கலைக்கழகத்தார் பிளந்தார்கள். எனக்கு அந்த ஆமையைப் பிடிக்கவில்லை. என் அண்ணனைக் கொன்ற பாறைச்சரிவுதான் அதை வெளியே கொண்டுவந்தது.

அண்ணனுக்குத் துளை போடுகிற வேலை. பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கி, அடித்தால் கல் கோடு போட்ட மாதிரி பிளக்கும். அவன் போட்ட வரிசைக்கு நூல் பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். அன்று காலை வரிசையின் கடைசித் துளையைப் பாதி போட்டிருந்தான். மேலே இருந்த அடுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. சரிந்ததை அள்ளி முடித்த பிறகு, உடைந்த பாறை முகப்பில் ஆமையின் ஓடும் விலா எலும்புகளும் தெரிந்தன. ஓட்டின் ஓரத்திலேயே அண்ணனின் அரைகுறைத் துளை. கல் பிளந்ததில் அதுவும் நெடுக்காகப் பிளந்து, ஒரு விரல் தாராளமாகப் படுக்கிற பள்ளமாகக் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் திட்டத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவரை நான் பார்த்ததில்லை. சாராம்சம் இதுதான்: உள்நாட்டு ஊர்களெல்லாம் ஆளில்லாமல் காலியாகிக்கொண்டிருக்கின்றன, அங்கே இருக்கிற பாறையையும் புதைபடிவத்தையும் ஊரின் சொத்தாக்கி, பார்க்க ஆள் வரவைத்து, பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும். அதற்குப் பல துறைகள் கைகோக்க வேண்டும். கைகோத்து ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். குவாரியைப் பார்த்ததும் நிலவியல் பேராசிரியைக்கு அது பழைய கடலின் அடித்தளம். கட்டடக்கலைக்காரருக்குப் படிக்கட்டும் நிழலும். பொருளாதாரக்காரருக்கு நுழைவுச்சீட்டு. கூடவே சமூகவியல் படித்த ஒரு பெண். எந்நேரமும் கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததால் ஊரார் அவளுக்குக் கேள்வியம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். குவாரித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் வேலை பார்த்த என்னை ஊர்த் தொடர்பாளர் என்று சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதுதான் தகுதி.

குவாரி சங்கத்துக்குச் சொந்தம். பங்குதாரர்கள் எல்லாரும் சம்மதித்தால்தான் ஆமையை வெட்டி எடுக்கலாம். எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். அண்ணனின் பங்கு இப்போது அண்ணி பெயரில் இருந்தது. அண்ணி மட்டும் பிடிகொடுக்கவில்லை.

அவளை மசிய வைக்கப் பேராசிரியையும் கேள்வியம்மாவும் வீட்டுக்கே வந்தார்கள். அண்ணி பேருந்து நிலைய டிக்கெட் கவுண்டரில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். சமையலறை மேசையில் என்னையும் சேர்த்து மூவரையும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள்.

"இது இதுவரைக்கும் யாரும் பார்க்காத இனமா இருக்கலாம்னு தோணுது. அப்படி இருந்தா, அதுக்கு உங்க கணவர் பேரையே வைக்கலாம்னு நினைக்கிறோம்" என்றார் பேராசிரியை. அவர்கள் தொழிலில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாதாம்.

அண்ணி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆமைக்கா?"

"ஆமா."

"வேணாம்மா. அவர் பேரு அவருக்கே இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஊரைச் சிரிக்கவைத்திருப்பான்.

அண்ணி தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு என்னைக் காட்டினாள். "அதுல அவர் போட்ட துளை இருக்குன்னு இவ சொன்னா. நான் பாக்கல. அந்தப் பக்கம் போக எனக்குக் கால் வரல. அவரையும் கடைசியா என் கண்ணுல காட்டல. பாக்கிற மாதிரி இல்லன்னு சொல்லிட்டாங்க. கல்ல நீங்க எடுத்துக்கோங்க. அந்தத் துளைய மட்டும் தொடாதீங்க. அவர் கடைசியா செஞ்ச வேலை. என்னைக்காவது தைரியம் வந்தா வந்து பாத்துக்கிறேன்."

"அதுல ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்றார் பேராசிரியை. அவர் கண் கலங்கியிருந்தது. கேள்வியம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்குமே அது மனதிலிருந்து வந்ததுதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

கல்லைச் சுற்றி மாவுக்கட்டு போட்டு, மரச்சட்டத்தில் இறுக்கி, பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே புதைபடிவங்களைச் சுத்தம் செய்து சீராக்குகிற ஒருவர் இருந்தார். அவரை எல்லாரும் பொறுமைசாலி என்றே கூப்பிடுவார்கள். உருப்பெருக்கியின் கீழே எலும்பை ஒட்டிய கல்லை மணல் மணலாக எடுக்கிறவர். ஒரு தடவை அலுவலாகப் போனபோது பார்த்தேன். காலையில் தொடங்கிய இடத்திலிருந்து மாலைக்குள் ஒரு கட்டைவிரல் அகலம் நகர்ந்திருந்தார். ஆமை அப்போது மாவுக்கட்டோடு ஓரமாக இருந்தது, அதன் முறை வரவில்லை.

இந்தப் பக்கம் குவாரியின் பழைய எடைமேடைக் கொட்டகையை அருங்காட்சியகமாக மாற்றினார்கள். தகரச் சுவரில் இருந்த துருவை அப்படியே விட வேண்டும் என்று கட்டடக்கலைக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். துருவுக்கு இருந்த யோகத்தை என்ன சொல்ல.

திறப்பு விழாவுக்கு முதல் நாள், சங்கத்துக் குடும்பங்கள் மட்டும் வந்து பார்க்கலாம் என்றார்கள். அண்ணி விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். நல்ல உடை உடுத்தி, தலையைப் படிய வாரியிருந்தாள். குவாரிச் சாலை திரும்புகிற இடத்தில் என் கையைப் பிடித்தவள் கொட்டகைக்குள் போன பிறகும் விடவில்லை.

விளக்கொளியில் ஆமை அழகாகத்தான் இருந்தது. துடுப்பு, ஓடு, விலா, எல்லாம் இப்போதுதான் நீந்தி வந்து படுத்த மாதிரி. அண்ணி அதைப் பார்க்கவே இல்லை. ஓட்டின் ஓரமாகவே கண்ணை நகர்த்திக்கொண்டு போனாள்.

"எங்கடி இருக்கு?"

நான் காட்டக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. ஓரம் முழுசாக இருந்தது. எந்தப் பக்கமும் ஒரு கீறல்கூட இல்லை.

பொறுமைசாலி பக்கத்தில் வந்தார். நாங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. வேலையை வியந்து பார்க்கிறோம் என்று நினைத்துவிட்டார் போலும். கூச்சத்தோடு சிரித்தார்.

"கண்டுபிடிக்க முடியலல்ல? இங்கதான் பெரிய சேதம் இருந்துச்சு. குவாரியில யாரோ ட்ரில் போட்டு ஓட்டு ஓரத்தக் கெடுத்துட்டாங்க. நிறம் ஒத்துவரவே ரெண்டு மாசம் ஆச்சு எனக்கு."

அண்ணி என் கையை விட்டுவிட்டாள்.

"அந்த யாரோ எங்க அண்ணன், சார்" என்றேன். "துளையத் தொடக்கூடாதுன்னு சொல்லித்தான் இவங்க சம்மதிச்சாங்க."

அவர் முகம் செத்துப்போனது. "எங்கிட்ட யாரும் சொல்லலம்மா" என்றார், காற்றுக்குச் சொல்வது போல.

யாரும்தான் சொல்லவில்லை. பேராசிரியையைக் கூப்பிட்டுக் கேட்டேன். நினைவு சம்பந்தப்பட்டதெல்லாம் கேள்வியம்மாவின் பிரிவு, அவள் தெரிவித்திருப்பாள் என்று இருந்துவிட்டாராம். கேள்வியம்மாவைக் கேட்டேன். கல் சம்பந்தப்பட்டதாயிற்றே, பேராசிரியை சொல்லியிருப்பார் என்று அவள் இருந்துவிட்டாளாம். அண்ணி பேசியது முழுக்க ஒலிப்பதிவில் இருக்கிறது என்றாள் அழுதுகொண்டே. இருந்து என்ன செய்ய. ஒரே ஜீப்பில் வந்தார்கள், ஒரே மேசையில் தேநீர் குடித்தார்கள், ஒரு வார்த்தையை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கொண்டுபோக இத்தனை படித்தவர்களில் ஆள் இல்லை. அன்று என் வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். இருவரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் தலைகுனிந்து நின்றார்கள். அதனால் என் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது.

பொறுமைசாலிதான் குறுக்கே வந்தார். "எடுத்துடலாம்மா. நாங்க போடுற பசை எதுவா இருந்தாலும் பின்னால கரைச்சு எடுக்கிற மாதிரிதான் போடுவோம். இப்பவே எடுத்துத் தர்றேன்."

கொட்டகையைச் சாத்தினார்கள். நாங்கள் மூவர் மட்டும் உள்ளே இருந்தோம். கரைப்பானில் பஞ்சை நனைத்து ஓரத்தில் ஒற்றி, மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். வந்த பசையை ஒரு தட்டில் வழித்துப் போட்டார். அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் குச்சியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் போய்ப் பொழுது சாயும்போது பள்ளம் வெளியே வந்தது. அண்ணி எழுந்து விரலை அதில் வைத்தாள்.

"இதுதானா?"

நான் குவாரியில் பார்த்த துளையைவிட அது அகலமாக இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு மகராசா என்று மனதுக்குள் கும்பிட்டேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணி அதோடு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் அந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"இல்லம்மா" என்றார். "துளையோட சுவர் சுத்தியும் நொறுங்கியிருந்துச்சு. மேல பசை போட்டா நிக்காதுன்னு, அந்தச் சுவரச் செதுக்கி எடுத்துட்டேன். இது நான் வெட்டின பள்ளம்."

அண்ணி விரலை எடுக்கவில்லை. "செதுக்கினத என்ன செஞ்சீங்க?"

"பொடியா அரைச்சேன். நிறம் ஒத்துவரணும்னு அதத்தான் பசையில கலந்தேன்."

மூன்று பேரும் தட்டைப் பார்த்தோம். கரைப்பானில் ஊறிக் குழைந்து, சாம்பல் நிறத்தில் கிடந்தது. துளையைத் தேடி, துளையில் மிச்சமிருந்ததையும் வழித்துத் தட்டில் போட்டிருந்தோம். அண்ணி அழவில்லை.

"திரும்ப உள்ள வைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியும்மா. புதுப் பசை கொஞ்சம் சேர்க்கணும்."

"எல்லாத்தையும் வைக்கணும். தட்டுல ஒண்ணும் நிக்கக்கூடாது."

அவர் குழைத்துக் கொடுத்தார். கரண்டியை நீட்டியபோது அண்ணி வேண்டாம் என்று தலையசைத்தாள். விரலாலேயே எடுத்து எடுத்து வைத்தாள். வைத்தது மேடும் பள்ளமுமாக, விரல் தடம் தடமாக இருந்தது. அவர் அதைச் சீராக்கக் கையை நீட்டவில்லை. தட்டில் மீந்ததை அண்ணி கட்டைவிரலால் வழித்து, அதையும் அப்பினாள். இத்தனை நாள் அதை அப்படியே விடுங்கள் என்று கெஞ்சியவள், தன் கையாலேயே அதை மூடி முடித்தாள்.

"கைய சோப்புப் போட்டு நல்லாக் கழுவிடுங்கம்மா. இது காய்ஞ்சா லேசுல போகாது" என்றார் பொறுமைசாலி. அண்ணி சரி என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "கைய கழுவிட்டு வாங்க அண்ணி" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. வலது கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கில், நகக்கண்ணில் எல்லாம் சாம்பல் நிறப் பசை காய்ந்திருந்தது.

இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை. தட்டை என் பக்கம் இழுத்து, பிசைந்து, உருட்டி அவள் வாயருகே கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள். மென்றுகொண்டே இருந்தாள். விழுங்க முடியவில்லை. அந்தக் கையை மட்டும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணன் போன பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள்.