மழை முடியட்டும்

"அந்தப் பூனைங்கள மொதல்ல உள்ள போட்டு கதவ சாத்து. பொணத்த தாண்டிடப் போவுது."

வாசலிலிருந்து வசந்தகுமாரி அத்தை குரல் கொடுத்தபோது, ஷோபனா தரையில் படுத்து பீரோவுக்கு அடியில் கையை விட்டிருந்தாள். ஒரு பூனையை ஏற்கெனவே பின்னறையில் போட்டாகிவிட்டது. இது இரண்டாவது. காக்கி நிறம் என்பதால் மகள் கிருஷ்ணப்பிரியா இதற்குப் போலீஸ் என்று பெயர் வைத்திருந்தாள். உள்ளே போனது வெள்ளை, பஞ்சு.

போலீஸ் வந்தது. அழுக்குத் துணியைத் தூக்குவதுபோல உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு போய்ப் பின்னறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். நேரே குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். கழுவிக்கொண்டிருக்கும்போதே ஐஸ் பெட்டியைக் கூடத்துக்குள் தூக்கி வந்தார்கள். பாயில் அவளுடைய அப்பா கங்காதரன் வேட்டி போர்த்திக் கிடந்தார். கையில் நுரையோடு நின்றபடியேதான் அவள் அப்பாவைப் பெட்டிக்குள் வைப்பதைப் பார்த்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து ஓட்டி ஓய்வு பெற்றவர் கங்காதரன். மனைவி போன பிறகு குத்தம்பாக்கத்து வீட்டில் அவரும் இந்த இரண்டு பூனைகளும்தான். பூனைகளை வீட்டுக்குள் சேர்த்ததே பேத்திக்காகத்தான். சனிக்கிழமை வந்தால் குழந்தை திரும்பிப் போகவே மாட்டேன் என்று அழும்.

போன வருஷம் மழைக்காலத்தில் குழந்தையின் கழுத்தில் வட்டமாக ஒரு படை வந்தது. ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து, சொறியச் சொறியப் பெரிதானது. "வீட்ல நாய், பூனை உண்டா?" என்று தோல் டாக்டர் கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான். மீதியை ஷோபனாவே முடிவு செய்துகொண்டாள். அப்பாவிடம் கடுமையாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. "மழை முடியட்டும்பா, கூட்டினு வரேன்" என்றாள்.

மழை முடிந்தது. பனியில் குழந்தைக்குச் சளி பிடித்தது. வெயில் வந்தால் பூனை உடம்பில் தெள்ளுப்பூச்சி அதிகம் என்று யாரோ சொன்னார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. மறுபடியும் மழை வந்துவிட்டது. வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, பாருங்கள். ஒரு வாரத்தை இன்னொரு வாரத்தின் மேல் தள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான்.

கங்காதரன்தான் அம்பத்தூரில் இருந்த மகள் வீட்டுக்கு வந்து போனார். வரும்போது துவைத்த சட்டை ஒன்றைக் கவரில் போட்டு எடுத்து வருவார். கீழே வாட்ச்மேன் அறையில் சட்டையை மாற்றிக்கொண்டுதான் மாடி ஏறுவார். ஷோபனா அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்ய வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் போன் செய்தார்.

"நாளைக்கி ஞாயித்துக்கெழமதான? பாப்பாவ கூட்டினு வாயேம்மா. ரெண்டுக்கும் ஊசி போட்டாச்சி, வயித்துப் பூச்சிக்கும் குடுத்தாச்சி. டாக்டரம்மா லைட் அடிச்சிப் பாத்துட்டு படை கிடை ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. இப்ப ஒடம்புல ஒரு தெள்ளுப்பூச்சி கூட இல்லம்மா."

"மழை முடியட்டும்பா."

"சரிம்மா."

காலையில் மழை கொஞ்சம் விட்டுத் துண்டு வெயில் அடித்தது. பூனைகள் படுக்கும் சாக்குகளைக் காயப்போட மொட்டை மாடிக்குப் போனார். பக்கத்து வீட்டு நாகம்மாள் தன் மாடியில் துணி உலர்த்த வந்து எட்டிப் பார்த்தபோது, சாக்கின் மேலேயே சாய்ந்து கிடந்தார். கையில் சாக்கின் ஒரு நுனி இன்னும் இருந்ததாம்.

மதியத்துக்கு மேல் குளிப்பாட்ட எடுத்தார்கள். ஷாமியானாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொள்ளி வைக்க வேண்டிய சித்தப்பா மகன் வேம்புலி ஈர வேட்டியோடு குடம் குடமாகக் கொண்டுவந்து வைத்தான். ஷோபனா அப்பாவின் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தாள். தண்ணீர் ஊற்றி மாரைத் துடைத்து, கையைத் தூக்கிய வசந்தகுமாரி அத்தை அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது? எங்க அண்ணன் கையி இப்டி கீது?"

இரண்டு முன்கைகளிலும் கீறல்கள். சில ஆறி வெள்ளைக் கோடாகிவிட்டவை. சில இன்னும் சிவப்பாக, பக்கு கட்டியவை.

"பூனைய குளிப்பாட்னா பின்ன எப்டி இருக்கும்?" என்றாள் நாகம்மாள். "ஷாம்பூ போட்டு டப்புல எறக்குவாரு. அது இவரு தோள் மேல ஏறிக்கும். கடைசில குளிச்சது யாருன்னே தெரியாது. ஒருவாட்டி மூஞ்செல்லாம் நுரையா வந்து நிக்கிறாரு, 'நாகம்மா, கண்ணு தெரியல, தண்ணி ஊத்து'ன்றாரு."

புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அத்தைக்குக்கூடச் சிரிப்பு வந்து, அதுவே அழுகையாக மாறியது.

"அது பரவால்ல. தெள்ளுப்பூச்சிக்குன்னு மெடிக்கல்ல கேட்டு, நாய்க்கு ஊத்துற மருந்த வாங்கினு வந்துட்டாரு. பிடரில ஊத்தப் போற நேரம், எதுக்கும் கேட்டுக்கலாம்னு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு போன் போட்டாரு. அந்தம்மா, 'ஐயா, கீழ வைங்க அத. பூனைக்கு ஊத்துனா வலிப்பு வந்து செத்துப்பூடும்'னுச்சு. அன்னிக்கி பூரா அதுங்களயே பாத்துகினு உக்காந்துட்டாரு அண்ணாத்தே. கொழம்பு கூட வைக்கல, நான்தான் குடுத்தேன்."

ஷோபனா கேட்டுக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். கீறல்களின் மேல் ஊற்றும்போது மட்டும், எரியுமே என்பதுபோல, சொம்பை மெதுவாகச் சாய்த்தாள்.

"மழைல அதுங்களுக்குக் கண்ணு பீளை தள்ளும், தும்மும். மனுசனுக்கு சளி புடிக்கிற மாதிரியே. வெந்நீல பஞ்சு நனைச்சி தொடைச்சிகினே இருப்பாரு. தனக்கு மாத்தர போட மறந்துடுவாரு, அதுங்களுக்கு மறக்க மாட்டாரு."

"இத்தினியும் இன்னாத்துக்கு?" என்றாள் அத்தை. "தெருவுல திரியிற ஜென்மத்துக்கு ஊசி, மருந்து, ஷாம்பூ. பைத்தியமா இந்த மனுசனுக்கு?"

நாகம்மாள் வாயைத் திறந்தாள். ஷோபனாவைப் பார்த்தாள். கீழே குனிந்து காலி குடத்தை எடுத்து வேம்புலியிடம் நீட்டினாள்.

"பொழுது போவணும்ல" என்றாள்.

நாலு மணிக்கு ஷோபனாவின் கணவன் கார்த்திகேசன் குழந்தையை அழைத்துக்கொண்டு வந்தான். வழியில் பூந்தமல்லியில் மெட்ரோ வேலையால் ஒரே நெரிசல். நெய்ப்பந்தம் பிடிக்க வேறு பேரக்குழந்தை கிடையாது. குழந்தை வாசலில் இறங்கிச் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேலே பார்த்தது. தூறிக்கொண்டுதான் இருந்தது.

"மழை நிக்கலியேம்மா."

"ம்."

"மழை நின்னாதான தாத்தா ஊட்டுக்கு வரலாம்னு சொன்ன?"

ஷோபனா குழந்தையின் தலையைத் துண்டால் துவட்டினாள். காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டிருந்தாள். கார்த்திகேசன்தான் வந்து துண்டை வாங்கி, "வா பாப்பா" என்று அழைத்துக்கொண்டு போனான். ஏழெட்டு வயசுப் பிள்ளைகள் பந்தத்துக்குப் பயப்படும். இது பயப்படவில்லை. கையை நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தது. கடைசிச் சுற்றில் மட்டும், "பூனைங்க எங்க?" என்று வேம்புலியைக் கேட்டது. அவன் பந்தம் சாயாமல் பார்த்துக்கொண்டு நடந்தான். பறைச் சத்தத்தில் கேட்காமல் இருந்திருக்கலாம்.

பாடை தெரு முனை திரும்பியது. அழுது முடித்த குழந்தையை நாகம்மாள் தன் வீட்டில் படுக்க வைத்துவிட்டு வந்தாள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள், ஒவ்வொருவராகத் தலை முழுகினார்கள். இறந்தவர் கிடந்த இடத்தில் அத்தை விளக்கேற்றி வைத்தாள்.

"வேம்புலி வந்ததும் சொல்லு. அந்த ரெண்டையும் செம்பரம்பாக்கம் பக்கம் குடோன் எதுனா பாத்து வுட்டுட்டு வரட்டும். எலி புடிச்சி பொழைச்சிக்கும்."

ஷோபனா ஈரத்தலையோடு பின்னறையின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

அறையில் பூனை வாடையே இல்லை. வேப்பிலை வாடைதான் அடித்தது. சிமென்ட் தரை பளிச்சென்று இருந்தது. ஜன்னல் திட்டில் நெருங்கிய பல் வைத்த ஒரு சின்னச் சீப்பு, பக்கத்தில் பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்துத் துவைத்து அடுக்கிய துணிகள். போலீஸ் திட்டின் மேலும் பஞ்சு மூலையிலும் உட்கார்ந்திருந்தன. காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்தும் ஒன்றும் கத்தவில்லை.

நாகம்மாள் பின்னாலேயே பாலும் கிண்ணமுமாக வந்தாள்.

"பால் குடுக்கக் கூடாதுன்னு சொல்வாரு, பேதி புடுங்குமாம். இன்னிக்கி ஒருநாளு இன்னா ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டே தரையில் வைத்தாள்.

"இந்தத் துணி எதுக்கு நாகம்மாக்கா?"

"அதுவா. சீப்பால வாரி, ஈரத் துணில தட்டணுமாம். கருப்பா பொடி உழும். அப்டியே கெடந்தா மண்ணு. செவப்பா ஊறினா, தெள்ளுப்பூச்சி ரத்தம் குடிச்சிட்டுப் போட்ட எச்சம். டெய்லி காலைல இந்த ஜன்னலாண்ட உக்காந்துகினு பாப்பாரு."

ஷோபனா ஒரு துணியை நனைத்துப் பிழிந்து தரையில் விரித்தாள். சுவரோரம் உட்கார்ந்து, போலீஸின் பக்கம் கையை நீட்டினாள். அது முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கி வந்து மடியில் ஏறிக்கொண்டது. அதன் கனம் அவளுக்குப் புதிதாக இருந்தது. கழுத்திலிருந்து வாரத் தொடங்கினாள். காதுக்குப் பின்னால், கை இடுக்கில், வயிற்றில், வாலடியில். பூனை கண்ணை மூடிக்கொண்டு குர்குர் என்றது. சீப்பைத் துணியில் தட்டினாள். முடி மட்டும்தான் விழுந்தது.

மறுபடியும் வாரினாள், இந்த முறை தோலைப் பிரித்துப் பிரித்து. உள்ளே இளஞ்சிவப்பாக, சுத்தமாக இருந்தது. தட்டினாள்.

"இருக்காது கண்ணு" என்றாள் நாகம்மாள். "நேத்துகூட பாத்தாரே."

"ஒண்ணாவது இருக்கும்க்கா."

நாகம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஜன்னல் கதவை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஷோபனா துணியை ஜன்னல் பக்கம் தூக்கி, இருந்த வெளிச்சத்தில் இரண்டு புறமும் திருப்பிப் பார்த்தாள். உதறினாள். இன்னொரு துணியை எடுத்து நனைத்துப் பிழிந்து விரித்துவிட்டு, பால் குடித்துக்கொண்டிருந்த பஞ்சு தலை நிமிரட்டும் என்று காத்திருந்தாள்.